நகராத சரக்கும் அரிய புற்றுநோயும்

மாதம் நான்கு பேர் கேட்கும் சரக்கை நாம் மூட்டைக்கணக்கில் இறக்குவதில்லை. மருந்துக் கம்பெனியும் அப்படித்தான். அரிய புற்றுநோய் மருந்தை வாங்குவோர் குறைவு என்பதால் ஆராய்ச்சிக்குப் பணம் போடத் தயங்குகிறது. அங்கே நோயாளியின் உற்றாரும் நண்பர்களும் திரட்டும் நிதிதான் கைகொடுக்கிறது.

1923ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தாருடன் நிதி திரட்டி, 1954ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இந்நோய் அரிது. அவர்களுக்கும் 1960ல் அங்கே தனிப்பிரிவு வந்தது.

கோயிலுக்கும் பள்ளிக்கும் மகமை ஒதுக்கிப் பழகிய கோவை, ஈரோடு, பொள்ளாச்சி வியாபாரிகளான நாம் இதற்கும் ஒதுக்கலாம். அறக்கட்டளையின் பதிவுச் சான்று, தணிக்கைக் கணக்கு பார்த்துக் கொடுப்போம். ரசீதும் கேட்டு வாங்குவோம். ஆராய்ச்சி பல்லாண்டு பிடிக்கும்; வாரக் கடன்போல வசூலாகாது.