இரட்டைக் கிளட்ச் வண்டியின் நோயும் மருந்தும்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு இரு கைக்கும் இரு காலுக்கும் வேலை உண்டு. வலக்கை எஞ்சினின் வேகத்தையும் முன் பிரேக்கையும் ஆளுகிறது. வலக்கால் பின் பிரேக்கை மிதிக்கிறது. இடக்கை கிளட்ச் பிடியை அழுத்துகிறது. இடக்கால் கியரை மாற்றுகிறது. இவற்றுள் இடப்பக்கத்து வேலை இரண்டையும் தாமே ஏற்றுக்கொண்ட வண்டிகள் இன்று நம் நாட்டுச் சாலைகளில் ஓடுகின்றன. 'டி.சி.டி.' என்று சுருக்கமாக வழங்கும் இரட்டைக் கிளட்ச் வண்டிகளே அவை.

விடுதி வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கும் கிளட்ச் பிடி இல்லையே, இதில் என்ன புதுமை என்று நண்பர்கள் கேட்கலாம். ஸ்கூட்டரில் கியர் மாறுவதே இல்லை. இரு கப்பிகளுக்கிடையே ஒரு பெல்ட் ஏறியும் இறங்கியும் வேக விகிதத்தை மாற்றிக்கொள்கிறது. நான் சொல்லப்போகும் வண்டியிலோ உண்மையான பற்சக்கரங்கள் உள்ளன. ஒன்று முதல் ஆறு வரை கியர்கள் உள்ளன. அவற்றை மாற்றுவது மட்டும் மனிதன் அன்று.

இவ்வண்டி பழுதுபட்டால் பலரும் திகைக்கின்றனர். பெட்டிக்குள் இருப்பது புரியாத மாயம் என்று எண்ணி, இரு கிளட்சையும் கழற்றிப் புதிதாகப் போடு என்கின்றனர். அது பெருஞ்செலவு; பல சமயம் வீண் செலவும்கூட. நேர்மாறாக, நோயைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் நொடியில் கிளட்ச் வழுக்கினால், எஞ்சின் இரையும், வண்டி முன்னேறாது. எதிரே வரும் வண்டி நமக்காகக் காத்திருக்குமா? ஆகவே இதன் நோயை அறியும் முறையை எளிய தமிழில் விளக்க முயல்கிறேன்.

கருத்து பிறந்த கதை

இரட்டைக் கிளட்ச் என்னும் கருத்து புதியதன்று. ருஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலாசின் கார்க் கொட்டகையில் பணிபுரிந்த பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ப் கெக்ரெஸ் 1939-ஆம் ஆண்டிலேயே அதை வகுத்தார். அக்காலத்தில் அதை ஆட்டிவைக்கத்தக்க மின்னணு மூளை இல்லை. 1980-களில் போர்ஷே நிறுவனம் தன் பந்தயக் கார்களில் அதைச் சோதித்தது. 2003-இல் வோக்ஸ்வாகன் சாலைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. பெருவாரியாகச் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிளில் முதன்முதலாக அமைத்தது ஹோண்டா; 2010-இல், வி.எப்.ஆர். 1200 எப் என்ற வண்டியில். இந்தியாவில் 2017-இல் ஆப்பிரிக்கா ட்வின் என்னும் வண்டி இவ்வமைப்புடன் விற்பனைக்கு வந்தது. நான் விளக்குவது ஹோண்டாவின் அமைப்பையே.

உள்ளே இருப்பது என்ன?

சாதாரண வண்டியில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே ஒரே கிளட்ச் இருக்கும். இங்கே இரண்டு. முதல் கிளட்ச் 1, 3, 5 ஆகிய ஒற்றைப்படைக் கியர்களுக்கு உரியது. இரண்டாம் கிளட்ச் 2, 4, 6 ஆகிய இரட்டைப்படைக் கியர்களுக்கு உரியது. குழல்போன்ற வெளித்தண்டு ஒன்றினுள் மற்றொரு தண்டு சுழல்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கிளட்சுக்குச் சொந்தம்.

இரண்டாம் கியரில் வண்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதே மூன்றாம் கியர் பற்சக்கரம் மற்றத் தண்டில் கோத்துத் தயாராக நிற்கும். மாற வேண்டிய நொடியில் இரண்டாம் கிளட்ச் விட, முதல் கிளட்ச் பிடிக்கிறது. தொடர் ஓட்டத்தில் ஓடிவருபவன் கோலைக் கைவிடுமுன் அடுத்தவன் பற்றிக்கொள்வது போன்றது இது. ஆதலால் இழுவை அறுபடுவதில்லை.

கோத்து விடும் வேலையைச் சிறிய மின்மோட்டார் செய்கிறது. பிடித்து விடும் வேலையைச் செய்வது எஞ்சின் எண்ணெயின் அழுத்தம். மின்காந்த வால்வுகள் அந்த எண்ணெயை அளந்து ஒவ்வொரு கிளட்சுக்கும் அனுப்புகின்றன. எவ்வளவு, எப்போது என்று கணக்கிட்டு ஆணையிடுவது வண்டியின் மின்னணு மூளை.

இங்கே ஒரு நுட்பத்தை மனத்தில் இருத்த வேண்டும். சாதாரண வண்டியில் சுருள்வில்கள் கிளட்ச் தட்டுகளை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். பிடியை இழுத்தால் விடும். டி.சி.டி.யில் இது தலைகீழ். எண்ணெய் அழுத்தினால் பிடிக்கும். அழுத்தம் போனால் வில்கள் தள்ளிவிட, கிளட்ச் விட்டுவிடும். எஞ்சின் நின்றால் எண்ணெய் அழுத்தம் இல்லை; அழுத்தம் இல்லையேல் பிடிப்பும் இல்லை. இதனால்தான் இவ்வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கியரில் போட்டு மேட்டில் நிறுத்தவும் முடியாது. நிறுத்தி வைப்பதற்கென்றே தனிக் கைப்பிரேக் உண்டு. பிடிப்பு முழுவதும் எண்ணெயை நம்பியிருக்கிறது என்ற இந்த ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டால் நோயறிதலில் பாதி முடிந்தது.

நோய் அல்லாதவை

மருத்துவனுக்கு நோயை அறிவதைப் போலவே, நோயில்லாமையை அறிவதும் கடமை. இவ்வண்டியில் பழுதென்று தோன்றும் சில, பழுதே அல்ல.

'என்' நிலையிலிருந்து 'டி' நிலைக்கு மாற்றும்போது 'டக்' என்றோர் ஓசை எழும். முதற்கியர் கோத்துக்கொள்ளும் ஒலிதான் அது. வேகப்பிடியைத் திருகியபடி 'டி'யை அழுத்தினால் வண்டி ஏற்காது. பக்கத் தாங்கு இறங்கியிருந்தாலும் ஏற்காது. இவை காவல் ஏற்பாடுகள். தானியங்கு நிலையில் திடீரென்று வேகப்பிடியைத் திருகினால் எஞ்சின் சட்டென்று உயர்ந்து இரையும். கிளட்ச் வழுக்கிவிட்டது என்று அஞ்ச வேண்டா. வண்டி ஒரு கியர் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவே. சோதனையின்போது பொத்தானால் நாமே கியர் மாற்றும் 'எம்.டி.' நிலையில் ஓட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

நாடி பார்க்கும் முறை

இன்ன நோய், இது அதன் மூலம் என்று தெளிந்த பின்னரே மருந்தைத் தேடச் சொன்னார் வள்ளுவர். பட்டறைக்கும் அதுவே சட்டம்.

வழுக்கலைச் சோதிக்க, நடமாட்டமில்லாத நேரான சாலையைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் நன்கு சூடேறிய பின், 'எம்.டி.' நிலையில் நான்காம் கியரில் நிதானமாக ஓட்டிக்கொண்டே வேகப்பிடியைத் திருகுங்கள். சுழற்சி காட்டும் கருவியும் வேகம் காட்டும் கருவியும் ஒன்றாக ஏற வேண்டும். சுழற்சி மட்டும் தனியே பாய்ந்தால் அது வழுக்கல். இதையே ஐந்தாம் கியரிலும் ஆறாம் கியரிலும் செய்து பாருங்கள். சட்ட வேகத்துக்கு உட்பட்டுச் செய்யக்கூடிய சோதனையே இது. மேற்கியர்களில் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. கீழ்க்கியரில் வண்டி விரைந்து ஓடிவிடுவதால் சுமை நீடிப்பதில்லை. மேற்கியரில் சுமை நீடிப்பதால் மறைந்திருக்கும் வழுக்கலும் வெளிப்படும்.

இப்போது விடையைப் படிப்போம். ஐந்தில் வழுக்கி, நான்கிலும் ஆறிலும் வழுக்காவிட்டால் குற்றம் முதல் கிளட்சின் பக்கம். நான்கிலும் ஆறிலும் வழுக்கி, ஐந்தில் திடமாக இருந்தால் குற்றம் இரண்டாம் கிளட்சின் பக்கம். மூன்றிலும் வழுக்கினால்? இரு கிளட்சும் ஒரே நாளில் தேய்ந்து போயின என்று முடிவு கட்டுவதற்கு முன், இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். பொதுவானது எது? எண்ணெயும், அதைத் தள்ளும் பம்பும், வடிகட்டும் பில்டரும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. புறப்படும்போது வண்டி நடுங்கினால், தட்டுகள் கருகி வழவழத்திருக்கலாம். அல்லது தட்டின் காதுகள் கிளட்ச் கூடையில் குழி பறித்திருக்கலாம். 'டி' போட்டவுடன் எஞ்சின் அணைந்தால், கிளட்ச் முழுதும் விடவில்லை என்று பொருள். வளைந்த தட்டோ, தடித்த எண்ணெயோ காரணமாகலாம். கியர் எண் தோன்ற வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு விட்டுவிட்டு மின்னினால், மின்னணு மூளை தானே பழுதைக் கண்டு பதிந்து வைத்திருக்கிறது. உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, குறியீட்டைப் படிக்கும் கருவியைக் கொண்டு பார்க்க வேண்டும். தளர்ந்த பாட்டரி, தளர்ந்த இணைப்பு, உணர்கருவி, கியர் மாற்றும் மோட்டார் ஆகியவற்றில் ஒன்று அகப்படலாம். அங்கே கிளட்சைக் கழற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை.

எண்ணெயே முதல் மருந்து

சென்ற கோடை விடுமுறையில் நான் உதவியாளாக இருந்து கற்ற பட்டறைக்கு இத்தகைய வண்டி ஒன்று வந்தது. ஆறு கியரிலும் வழுக்கல். இரு கிளட்சும் போய்விட்டன என்று வேறோரிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் மேஸ்திரி ஸ்பேனரைத் தொடவில்லை. "கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள்?" என்று கேட்டார். வண்டிக்காரர் காருக்கென்று வாங்கிய எண்ணெயில் மீந்ததை ஊற்றியிருந்தார். அதை வடித்து, உரிய எண்ணெயும் புது பில்டர்களும் இட்டோம். சிறிது நாள் ஓட்டிய பின் மறுபடியும் எண்ணெய் மாற்றினோம். வழுக்கல் நின்றது.

காரணம் எளிது. காரின் உலர் கிளட்ச் எஞ்சின் எண்ணெயில் நனைவதில்லை. ஆகவே கார் எண்ணெய் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கின்றனர். மோட்டார் சைக்கிளிலோ கிளட்ச் எண்ணெயிலேயே மூழ்கி வேலை செய்கிறது; உராய்வுதான் அதற்கு உயிர். இதற்கென்றே ஜப்பானியர் 1998-இல் 'ஜாசோ' தரத்தை வகுத்தனர். டப்பாவின்மேல் 'எம்.ஏ.' என்ற குறி இருந்தால் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது, 'எம்.பி.' என்றிருந்தால் உராய்வு குறைந்தது, நனைந்த கிளட்சுக்கு ஆகாது. டப்பாவின் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இந்த இரண்டெழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

எண்ணெயின் அளவும் முக்கியம். குறைந்தால் அழுத்தம் குறையும். மிகுந்தால் நுரைக்கும், நுரை அழுத்தம் தாங்காது. வண்டியை நேராக நிறுத்தி, கைப்புத்தகம் கூறும் முறைப்படி அளந்து பார்க்க வேண்டும். எஞ்சினுக்குரிய பில்டரைத் தவிர, கிளட்சுக்கென்று தனியே மற்றொரு சிறு பில்டர் இருப்பதை மறவாதீர்கள். சாதாரண வண்டியில் பழகிய கை இதைத் தொடாமலே மூடிவிடுகிறது.

திறந்தே ஆக வேண்டுமெனில்

எண்ணெயும் பில்டரும் மாற்றிய பின்னும் ஒரு கிளட்ச் மட்டும் வழுக்கினால், திறக்குமுன் இன்னும் ஒரு கேள்வி உண்டு: அந்தக் கிளட்சுக்குப் போகும் எண்ணெயின் அழுத்தம் சரியாக உள்ளதா? பழுது படிக்கும் கருவியில் இதைக் காணலாம். அழுத்தம் சரியாக இருந்தும் வழுக்கினால் தட்டுகள் தேய்ந்துள்ளன. அழுத்தமே குறைந்திருந்தால் தட்டுகள்மேல் பழி இல்லை. வால்வையோ, எண்ணெய் செல்லும் குழாயின் ரப்பர் வளையங்களையோ பார்க்க வேண்டும்.

திறப்பதானால் தூய்மையே முதல் விதி. எண்ணெயால் இயங்கும் நுண்ணிய வால்வுகளுக்கு ஒரு மணல் துகளும் பகை. கழற்றும் ஒவ்வொரு தட்டையும் வரிசை மாறாமல் அடுக்கி வையுங்கள். ஒரு கிளட்சின் தட்டுகள் மற்றதோடு கலக்கலாகாது. உராய்வுத் தட்டின் தடிப்பை வெர்னியர் அளவியால் அளந்து கைப்புத்தகத்தின் எல்லையோடு ஒப்பிடுங்கள். எஃகுத் தட்டைச் சமதளக் கண்ணாடியின்மேல் வைத்து, பீலர் கேஜ் கொண்டு வளைவைப் பாருங்கள். நீலம் பாய்ந்த எஃகும் கருகிய நாற்றமும் சூட்டின் சாட்சிகள். புதுத் தட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தே பூட்ட வேண்டும். ரப்பர் வளையங்களையும் கேஸ்கட்டையும் புதிதாகவே போட வேண்டும். திருகாணிகளைக் கைக்கணக்கில் முடுக்காமல் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்.

பூட்டிவிட்டோம், வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. மின்னணு மூளை பழைய தட்டுகளின் தேய்மானத்துக்கு ஏற்பத் தன் கணக்கை அமைத்து வைத்திருக்கிறது. புதுத் தட்டுகள் எந்தப் புள்ளியில் பிடிக்கத் தொடங்குகின்றன என்பதை அதற்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். இதற்குரிய படிமுறை வண்டிக்கு வண்டி மாறும். அந்தந்த வண்டியின் பட்டறைக் கைப்புத்தகத்தில் உள்ளபடி, எண்ணெய் குறித்த சூட்டை எட்டிய பிறகே செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், புதுக் கிளட்சும் குலுங்கும். பாகம் போலி என்று கடைக்காரரோடு சண்டை வரும்.

முடிவாக ஒன்று. இவ்வண்டி நம்மில் பலருக்கு எட்டாத விலையுடையது என்பதை அறிவேன். ஆயினும் இதைப் பழுது பார்க்கும் முறை எல்லாப் பொறிக்கும் பொது. இரண்டு உறுப்புகள் ஒருங்கே தவறினால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேடுக. ஒன்று மட்டும் தவறினால் அதற்கே உரியதைத் தேடுக. விலை குறைந்த சோதனையை முதலில் செய்க. கழற்றுவதைக் கடைசியாகச் செய்க. ஸ்பேனருக்கு முன் சிந்தனை செல்லட்டும். நாளை பொறியாளராகவும் மருத்துவராகவும் ஆட்சியாளராகவும் போகும் நம் மாணவ நண்பர்களுக்கு, அவரவர் துறையிலும் இம்முறை பயன்படும் என்பதே என் நம்பிக்கை.