வெள்ளை அட்டையில் 'அன்நோன் பிளெஷர்ஸ்': அந்த அலைக்கோடுகள் என்ன?

டி-ஷர்ட்டில் இந்த அலைக்கோடுகளைப் பார்த்திருப்பீங்க. மலைத்தொடர்னு நினைச்சிருந்தா, இல்லை. 1967-ல் ஜோசலின் பெல் கண்டறிந்த முதல் பல்சர் நட்சத்திரத்தின் ரேடியோ துடிப்புகள் இவை.

இங்கிலாந்தின் ஜாய் டிவிஷன் இசைக்குழு 1979 ஜூனில் வெளியிட்ட முதல் ஆல்பம் 'அன்நோன் பிளெஷர்ஸ்'. அட்டைப்படம் வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் கிடைத்தது. அதில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள். வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் அதை அப்படியே தலைகீழாக்கி, கறுப்பில் வெள்ளைக் கோடுகளாக மாற்றினார். 2019-ல் வந்த 40-ம் ஆண்டு மறுவெளியீட்டில் அட்டை வெள்ளையானது. உள்ளே சிவப்பு நிற வினைல் ரெக்கார்ட். பாட்டு என்னவோ அதேதான்.

முதல் ஆல்பம் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வலிப்பு நோயோடும் மனச்சோர்வோடும் போராடிய பாடகர் இயன் கர்டிஸ், அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்பும் முன்பே, 1980 மே 18-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. மீதி மூவரும் குழுவின் பெயரையே விட்டுவிட்டு, 'நியூ ஆர்டர்' என்று மறுபடி தொடங்கினார்கள்.