குனிந்த முதுகுக்கான யோகா

செஞ்சிக் கோட்டையில், ராஜகிரி மலையடிவாரத்தில், நெற்களஞ்சியத்துக்கு அருகே உடற்பயிற்சிக் கூடம் என்று அழைக்கப்படும் ஒரு கட்டடம் நிற்கிறது. போருக்குப் போகும் உடம்பைப் பேண வேண்டும் என்று அன்றே நினைத்திருக்கிறார்கள். இந்த ஊரைச் சுற்றி நாற்று நட்டு, மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) களை வெட்டி, நூறு நாள் வேலையில் ஏரி மண் சுமக்கும் பெண்களின் உடம்பையும் அப்படிப் பேண வேண்டாமா?

“நாள் முழுக்கக் குனிஞ்சி நிமிர்றோம், எங்களுக்கு எதுக்கு யோகா?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், உழைப்பு வேறு, பயிற்சி வேறு. நடவு முதுகை ஒரே பக்கமாக மணிக்கணக்கில் வளைக்கிறது. பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குகிறோம். அந்த அழுத்தம் அடிவயிற்றில் இறங்குகிறது. யோகாவோ வளைந்ததை எதிர்ப்பக்கம் நிமிர்த்துகிறது. ஒவ்வொரு அசைவையும் மூச்சோடு சேர்க்கிறது. முடிவில் ஓய்வும் தருகிறது. வயல்வேலை தராதவை இந்த மூன்றும்.

ஆளுக்கேற்ற ஆசனம்

நவீன யோகாவின் தந்தை எனப் போற்றப்படும் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மைசூரில் கற்பித்தபோது, இந்திரா தேவி என்ற வெளிநாட்டுப் பெண்ணை மாணவியாக ஏற்க முதலில் தயங்கினார். பிறகு ஏற்றுக்கொண்டார். அந்த மாணவி பின்னாளில் உலகெங்கும் யோகாவைக் கொண்டுசென்றார். பெண்களுக்கு, குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு, யோகா அவசியம் என்று கிருஷ்ணமாச்சாரியார் பின்பு வலியுறுத்தினார். பயிற்சியை ஆளுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பது அவர் வழி. அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் இன்றும் அந்த வழியில்தான் கற்பிக்கிறது.

யோகா நகரத்துப் பெண்களுக்கு மட்டுமானதும் அல்ல. பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த நானம்மாள், சிறுவயதில் தந்தையிடம் கற்ற ஆசனங்களைத் தொண்ணூறு வயதைக் கடந்தும் கோவையில் சொல்லிக்கொடுத்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எந்தப் பருவத்தில் எது?

*வேலை நாட்களில்:* வீடு திரும்பியதும் தாடாசனத்தில் கைகளை உயர்த்தி நிமிருங்கள். முட்டிபோட்டுக் கைகளை ஊன்றி, முதுகை மூச்சோடு ஏற்றி இறக்கும் மார்ஜாரியாசனம் இறுகிய இடுப்பைத் தளர்த்தும். புஜங்காசனமும் சேதுபந்தாசனமும் குனிந்த முதுகுக்கு எதிர்வளைவு தரும்.

*மாதவிலக்கின்போது:* பாதங்களைச் சேர்த்து அமரும் பத்தகோணாசனம், நிதானமான மூச்சு, சவாசனம் ஆகியவை போதும். தலைகீழ் ஆசனங்களையும் வயிற்றை இறுக்கும் பயிற்சிகளையும் தவிர்ப்பது மரபு.

*கர்ப்ப காலத்தில்:* மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். குப்புறப் படுப்பது, வயிற்றை முறுக்குவது, மூச்சை அடக்குவது கூடாது. மாதம் ஏற ஏற, நெடுநேரம் மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து, இடப்பக்கம் ஒருக்களித்து ஓய்வெடுக்கலாம்.

*பிரசவத்துக்குப் பின்:* இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவதைப் பல பெண்கள் யாரிடமும் சொல்வதில்லை. சிறுநீரை அடக்கப் பயன்படும் தசைகளைச் சில நொடி இறுக்கித் தளர்த்துவதே இதற்கான முதல் பயிற்சி. யோகாவில் இதையொத்தது மூலபந்தம். சில மாதங்கள் விடாமல் செய்தால் பலருக்குக் கசிவு குறைகிறது. கர்ப்பப்பை கீழே இறங்குவதுபோலத் தோன்றினால் பயிற்சியோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

*மாதவிலக்கு நின்ற பிறகு:* எலும்பு வேகமாகத் தேயும் காலம் இது. சுவரைப் பிடித்தபடி செய்யும் விருட்சாசனம், நின்று செய்யும் மற்ற ஆசனங்கள் காலுக்கு வலுவும் உடம்புக்குச் சமநிலையும் தரும். தடுக்கி விழுவது குறையும். எலும்பு மெலிந்தவர்கள் ஆழமாகக் குனியும் ஆசனங்களைத் தொடக் கூடாது.

யோகா செய்யாதவை

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எந்த ஆசனமும் ரத்தத்தில் இரும்பை ஏற்றிவிடாது. இரும்புச்சத்து மாத்திரையும் கீரையும் முழுச் சாப்பாடும்தான் ஏற்றும். மார்பில் கட்டி, நிற்காத உதிரப்போக்கு இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவத்தோடு கைகோத்து நடக்கும்போதுதான் யோகாவுக்கு முழுப் பலன். புதுச்சேரி அருகே பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் யோகா சிகிச்சைக்கென்றே தனி மையம் இயங்குகிறது. செஞ்சியிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். ஆனால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அங்கே போய்வர எத்தனை பெண்களால் முடியும்? அதனால், பயிற்சிதான் ஊருக்குள் வர வேண்டும்.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கெனவே ஒன்றுகூடுகின்றன. அந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, பயிற்சி பெற்ற ஒரு பெண் ஆசிரியரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் அழைக்கலாம். சேலையோடு செய்யக்கூடிய பயிற்சியாக இருக்கட்டும். விரிக்க ஒரு கோரைப்பாய் போதும். வீட்டு ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. தினமும் இருபது நிமிடம் அடுப்பையும் பிள்ளைகளையும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் கிடைக்காத பெண்ணுக்கு எந்த ஆசனத்தைச் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை.