ஒன்றுக்குக் கீழே!

1997 பிப்ரவரி. நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைகள் நெருக்கமாக இருக்கும் ஒரு வட்டாரம். அங்கே ஒரு பண்ணையில் ‘கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்’ என்ற வைரஸ் நோய் இருப்பது தெரியவந்தது. நம் ஊரில் மனிதர்களுக்கு வந்த பன்றிக் காய்ச்சல் வேறு. இது பன்றிகளுக்கு மட்டுமே வரும்.

ஜெர்மனிக்குப் போய்வந்த, சரியாகக் கழுவாத ஒரு லாரியில் வைரஸ் வந்திருக்கலாம் என்கிறார்கள். முதல் பண்ணையில் கண்டுபிடிப்பதற்குள் சுமார் 39 பண்ணைகளில் அது சத்தமில்லாமல் புகுந்துவிட்டது!

நோய் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது? விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். ஒவ்வொரு பன்றியாக எண்ணவில்லை. ஒரு பண்ணையை ஒரு புள்ளியாக வைத்துக்கொண்டார்கள். நோய் வந்த பண்ணைகள் கூடினால், நோயைக் கொடுப்பவர் அதிகம். வராத பண்ணைகள் நிறைய இருந்தால், வாங்குபவர் அதிகம். அதனால் இரண்டையும் பெருக்கினார்கள். ஒரு பண்ணை எத்தனை நாள் நோயைப் பரப்பியது என்பதையும் சேர்த்தார்கள். கடைசியில் கையில் நின்றது ஒரே ஓர் எண்: ஒரு பண்ணை சராசரியாக எத்தனை பண்ணைகளுக்கு நோயைக் கொடுக்கிறது?

நோய் தெரிவதற்கு முன் அந்த எண் 6.8. அதை 7 என்றே வைத்துப் பெருக்குங்கள்: 1, 7, 49, 343!

தெரிந்ததும் பன்றி வண்டிகளை நிறுத்தினார்கள். நோய் வந்த பண்ணைகளைக் காலி செய்தார்கள். எண் 1.3க்கு இறங்கியது. ‘அப்பாடா!’ என்கிறீர்களா? பொறுங்கள். 10 பண்ணை 13 ஆகும், 13 பிறகு 17, அப்புறம் 22. நோய் ஓடுவதை விட்டு நடக்கிறது, அவ்வளவுதான். நிற்கவில்லை!

அதனால் அக்கம்பக்கப் பண்ணைகளையும் முன்கூட்டியே காலி செய்தார்கள். ஆள் நடமாட்டத்தைக் குறைத்து, சுத்தத்தில் கறாராக இருந்தார்கள். எண் 0.5 ஆனது. 100 பண்ணை 50, 50 பண்ணை 25... நோய்க்குப் போக இடமில்லை. 1998இல் அது ஓய்ந்தது.

அதற்குள் 429 பண்ணைகளில் நோய் கண்டிருந்தது. ஏறக்குறைய 1 கோடி பன்றிகளைக் கொல்ல வேண்டியதாயிற்று. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நோயே இல்லை. வண்டி ஓடாததால் கொட்டிலில் இடமின்றி நெருக்கியடித்துக் கிடந்தவை. சில வாரம் முன்பே கண்டுபிடித்திருந்தால்?

இப்போது உங்கள் முறை. 100 பண்ணையில் தொடங்குங்கள். 1.1ஆல் 10 முறை பெருக்குங்கள். சுமார் 259 வரும். அதே 100ஐ 0.9ஆல் 10 முறை பெருக்கினால்? விடையைப் பார்த்த பிறகு, ஒன்று என்ற எண்ணைச் சின்ன எண் என்று சொல்லமாட்டீர்கள்.