மலையில டாக்டர், கீழ குடும்பம்: வீடு முதல்லயா, பிஜி சீட் முதல்லயா?

ஹோம் லோன் பத்தி நம்ம சேனல்ல போட்ட வீடியோவைப் பார்த்துட்டு ஒரு சகோதரி மெயில் அனுப்பியிருந்தாங்க. கணவர் அரசு டாக்டர். ஜவ்வாது மலையில ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல மூணு வருஷமா வேலை. இவங்க திருவண்ணாமலையில வாடகை வீட்ல, யுகேஜி படிக்கிற பொண்ணோட இருக்காங்க. ஐடி வேலையை விட்டு நாலு வருஷம் ஆச்சு. கேள்வி இதுதான்: "45 லட்சம் லோன் போட்டு இங்கயே வீடு வாங்கிடலாமா அண்ணா? அவர் நீட் பிஜிக்கு ரெண்டாவது தடவையா படிச்சிட்டு இருக்கார். சீட் கிடைச்சா அப்புறம் பார்த்துக்கலாம்னு சொல்றார்."

அந்த "அப்புறம் பார்த்துக்கலாம்"லதான் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தக் குடும்பத்தோட பெரிய சொத்து வீடு இல்லைங்க, அந்த சீட்தான். ஏன்னு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

உதவி மருத்துவரா சேரும்போது அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58%. ரெண்டும் சேர்த்தா 88,638. சர்வீஸ்ல இருந்துகிட்டே அரசுக் கல்லூரியில பிஜி சேர்ந்தா படிக்கிற காலத்துக்கும் சம்பளம் வரும். இன்க்ரிமென்ட்டை விட்டுட்டுப் பார்த்தாலே 36 மாசத்துக்குக் கிட்டத்தட்ட 32 லட்சம். இதே கிளினிக்கல் சீட்டை நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துல மேனேஜ்மென்ட் கோட்டாவுல வாங்கினா, மூணு வருஷ ஃபீஸ் ஒரு கோடியைத் தொடுறதும் உண்டு. அந்த மூணு வருஷமும் சம்பளம் கிடையாது. வித்தியாசத்தை நீங்களே கூட்டிக்கோங்க.

மலையில வேலை பார்த்ததுக்கு இன்னொரு பலனும் இருக்கு. எட்டாத, கஷ்டமான பகுதியில வேலை செஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் நீட் மார்க்ல 10% வரைக்கும், அதிகபட்சம் 30% ஊக்க மதிப்பெண் கொடுக்க விதி இருக்கு. 300 மார்க் எடுத்தவருக்கு முழுசா கிடைச்சா 390. பகுதியை எப்படி வகைப்படுத்தியிருக்காங்கங்கிறதைப் பொறுத்து சதவீதம் மாறும். அதனால இவரோட நிலையம் எந்த வகையில வருதுன்னு அந்தந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல பார்க்கணும். பாண்ட் தொகையையும் அதுலயே பாருங்க, வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாதீங்க.

இந்த வாய்ப்பு சும்மா வந்ததும் இல்லை. தமிழ்நாட்ல மாநில ஒதுக்கீட்டு பிஜி இடங்கள்ல பாதி அரசு டாக்டர்களுக்குன்னு ரொம்ப நாளா இருந்தது. 2017-ல அது கையை விட்டுப் போச்சு. 2019-ல டாக்டர்கள் ஸ்ட்ரைக் பண்ணப்போ இதுவும் ஒரு கோரிக்கை. சர்வீஸ் டாக்டர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு 2020 ஆகஸ்ட் 31-ல உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னதும்தான் திரும்பி வந்தது. ஒரு தடவை போனது இன்னொரு தடவையும் போகலாம். தள்ளிப் போடாதீங்கன்னு நான் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போ வீட்டுக்கு வருவோம். 45 லட்சம், 8% வட்டி, 20 வருஷம்னா மாசம் 37,640 ரூபாய் இ.எம்.ஐ. சீட் கிடைச்சா கல்லூரி சென்னையா இருக்கலாம், மதுரையா, தூத்துக்குடியா கூட இருக்கலாம். படிச்சு முடிச்சதும் ஸ்பெஷலிஸ்டா எந்த ஊர் ஆஸ்பத்திரியில போடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. திருவண்ணாமலை வீட்டுக்கு இ.எம்.ஐ, படிக்கிற ஊர்ல வாடகை, ரெண்டையும் ஒரே சம்பளம் தாங்கணும். பாதிப் பேர் இந்த இடத்துலதான் "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் சேர்றேன்"னு சொல்லிடறாங்க. அதனால வீட்டை இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க. அந்த இ.எம்.ஐல பாதியை, மாசம் 18,000 போல, ஆர்டியிலயோ லிக்விட் ஃபண்ட்லயோ போட்டுட்டு வாங்க. ஒன்றரை வருஷத்துல மூணு லட்சத்துக்கு மேல நிக்கும். வீடு மாத்துற செலவு, அட்வான்ஸ், பொண்ணோட புது ஸ்கூல் ஃபீஸ் எல்லாத்துக்கும் அதுதான்.

மெயில்ல அவங்க ஒரே வரியில கடந்து போன விஷயம் ஒண்ணு இருக்கு, விட்டுப் போன வேலை. மாசம் 40,000 சம்பளம்னு வெச்சாலும் நாலு வருஷத்துக்கு 19 லட்சத்து 20 ஆயிரம். டாக்டரோட மலை சர்வீஸுக்கு இந்த வீடு கொடுத்த விலையில அதுவும் சேர்த்தி. ஆனா எந்தக் கணக்குலயும் அது எழுதப்படறதில்லை. என்னைக் கேட்டா, பிஜி கோச்சிங்குக்கு எவ்வளவு ஒதுக்கறீங்களோ அதே அளவு அந்தம்மா திரும்ப வேலைக்குப் போறதுக்கான கோர்ஸுக்கும் ஒதுக்கணும். அவங்க பேர்ல ஒரு பிபிஎஃப் தொடங்கலாம். கணவர் கொடுத்த பணத்தை மனைவி பேர்ல போட்டா, அதுல வர்ற வருமானம் கணவர் கணக்குல சேரும்ங்கிற விதி இருந்தாலும், பிபிஎஃப் வட்டிக்கு வரியே இல்லை. அதனால அந்தத் தலைவலி கிடையாது.

அடுத்து பாதுகாப்பு. ராத்திரி பிரசவ கேஸுக்கு மலை ரோட்ல வண்டி ஓட்டுற மனுஷன். அரசு ஊழியர் குடும்பப் பாதுகாப்பு நிதியில வர்றது 5 லட்சம். மாசம் 60,000 செலவு இருக்கிற வீட்டுக்கு அது ஒன்பது மாசம் கூடத் தாங்காது. 2025 மே மாசம் தமிழ்நாடு அரசு 7 வங்கிகளோட ஒப்பந்தம் போட்டுச்சு. அதுல சம்பளக் கணக்கு இருந்தா பிரீமியம் இல்லாமலே விபத்து மரணத்துக்கு 1 கோடி, ஆயுள் காப்பீடு 10 லட்சம். உங்க கணக்கு அந்தத் திட்டத்துக்குள்ள வந்துடுச்சான்னு பேங்க்ல எழுதி வாங்கிக்கோங்க. ஐ.எம்.ஏ தமிழ்நாடு கிளையிலயும் ஒரு குடும்பப் பாதுகாப்புத் திட்டம் இருக்கு. ஒரு உறுப்பினர் தவறிட்டா மத்தவங்க பங்கு போட்டுக் கொடுக்கிறது, நம்ம ஊர் மொய் மாதிரி. நல்ல விஷயம், சேருங்க. ஆனா எல்லாத்துக்கும் மேல ஒன்றரைக் கோடிக்குக் குறையாம ஒரு டேர்ம் பாலிசி கட்டாயம் வேணும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. அப்பா அம்மாவுக்குத் தனியா ஹெல்த் பாலிசி எடுங்க. கல்யாணம் ஆன ஊழியரோட பெற்றோர் அரசு மருத்துவக் காப்பீட்ல வரமாட்டாங்க.

சாயங்கால க்ளினிக் போடலாமான்னும் கேட்டிருந்தாங்க. டியூட்டி நேரம் போக பிராக்டிஸ் பண்ண இங்க அனுமதி உண்டு. ஆனா ஒண்ணு. எல்லாருக்கும் இலவசமா வைத்தியம் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராது. ஃபீஸ் வாங்கிட்டா வரும்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால போர்டு மாட்றதுக்கு முன்னாடி தொழில் பொறுப்புக் காப்பீடு எடுங்க, நடுவுல விட்டுடாம புதுப்பிங்க. வரியைப் பத்திப் பயப்பட வேண்டாம். மாசம் 30,000 வந்தா வருஷத்துக்கு 3.6 லட்சம். 44ஏடிஏன்னு பழகிப்போன முறையில பாதி, அதாவது 1.8 லட்சம்தான் வருமானம். மேல சொன்ன சம்பளத்துல 75,000 கழிச்சு இதைக் கூட்டினா 11.69 லட்சம் வருது. புது முறையில வரி பூஜ்யம். மத்த படிகள் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்டுதான்னு மட்டும் மார்ச்சுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க. என் அபிப்பிராயம் என்னன்னா, பரீட்சை முடியற வரைக்கும் க்ளினிக் வேண்டாம். மாசம் 30,000-க்காக அந்த சாயங்கால நேரத்தை விக்கிறது நஷ்டம்.

பிஜி இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா? எம்பிபிஎஸ் டாக்டருக்கு மயக்க மருந்துப் பயிற்சி இருக்கு, அவசர மகப்பேறு பயிற்சி இருக்கு. வேலையில இருந்துகிட்டே படிக்க வேலூர் சிஎம்சியில குடும்ப மருத்துவ டிப்ளமோ இருக்கு. இதுக்கெல்லாம் போகணும்னா நிலையத்துல கூட இருக்கிற இன்னொரு டாக்டர்தான் டியூட்டியைத் தாங்கணும். இந்த வருஷம் நான் உனக்கு, அடுத்த வருஷம் நீ எனக்குன்னு முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டவங்க சண்டை இல்லாம படிச்சு முடிக்கிறாங்க.

சகோதரிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அன்னிக்கு ராத்திரியே பதில் வந்தது: "வீட்டை விட்டுட்டோம் அண்ணா. ஆனா வருஷம் 1,20,000 கட்டுற எண்டோமென்ட் பாலிசி ஒண்ணு இருக்கு. மாமாதான் ஏஜென்ட்." அதுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனி வீடியோவே போடறேன். மாமா பார்க்க மாட்டார்னு நினைக்கிறேன்.