வெளிநாட்டு ஏர்போர்ட்டில் 'டாக்ஸி வேணுமா?' என்று யாராவது கேட்டால்...

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயிலுக்குப் போய்விடாதீர்கள். இது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற ஏரியா. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கும்போது என்ன செய்வீர்கள்? "எவ்வளவுண்ணே?" என்று கேட்டு, கொஞ்சம் குறைத்துப் பேசி ஏறிவிடுவீர்கள். மீட்டர் என்ற பேச்சே வராது. உள்ளூரில் இது ஓடும். அண்ணன் எந்த ஸ்டாண்டு என்று கேட்டால் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். இதே பழக்கத்தோடு பாரிஸிலோ பாங்காக்கிலோ போய் இறங்கினால்தான் சிக்கல்.

பாரிஸைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பங்கள் நம்ம ஊரில் நிறைய. அத்தை வீட்டுக்கு, அண்ணன் கல்யாணத்துக்கு என்று அங்கே போகிறவர்கள் எப்போதும் உண்டு. அந்த பாரிஸின் சார்ல் தெ கோல் ஏர்போர்ட்டில் 2018 நவம்பரில் ஒரு தாய்லாந்து தம்பதி, தேடி வந்து கூப்பிட்ட ஒருவரின் காரில் ஏறினார்கள். ஹோட்டல் வந்ததும் அவர் கேட்டது 247 யூரோ! கதவையும் திறக்கவில்லை. பயணி அதை வீடியோ எடுக்க, அது வைரலாகி, போலி டாக்ஸி டிரைவருக்கு 8 மாதம் சிறை கிடைத்தது. இதில் கொடுமை என்னவென்றால், அங்கிருந்து பாரிஸ் நகருக்கு 2016 முதலே அரசு நிர்ணயித்த கட்டணம் உண்டு. அன்றைக்கு அது 50 அல்லது 55 யூரோதான்.

2025 நிலவரப்படி செய்ன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65 யூரோ. நம்மவர்கள் தேடிப்போகும் லா ஷப்பேல் கடைத்தெரு வலது கரையில் இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டணம் பாரிஸ் நகர எல்லைக்குள் மட்டும்தான். உறவினர் வீடு சார்செல் மாதிரி புறநகரில் என்றால் மீட்டர்தான் ஓடும்.

நிஜ டாக்ஸிக்காரர் உங்களைத் தேடி உள்ளே வரமாட்டார்; வெளியே ஸ்டாண்டில் வரிசையில் நிற்பார். கூரை மேல் விளக்கு இருக்கும். பச்சை என்றால் காலி, சிவப்பு என்றால் ஆள் இருக்கிறது. ஹாலுக்குள்ளேயே வந்து பெட்டியைத் தூக்குகிறவரை, தமிழில் பேசினாலும் சரி, "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பாங்காக் சுவர்ணபூமியில் தரைத்தளத்தில் மெஷினில் டோக்கன் எடுத்துத்தான் டாக்ஸி ஏற வேண்டும். அந்தச் சீட்டை டிரைவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். புகார் செய்ய அதுதான் ஆதாரம். மீட்டர் தொகைக்கு மேல் 50 பாட் ஏர்போர்ட் கட்டணம் கேட்பார்கள்; அது நியாயமானதுதான்.

ஆப் ஆசாமிகளுக்கு...

"நமக்குத்தான் ஊபர் இருக்கே" என்கிறீர்களா? சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்தில் அது ஓடாது. 2018-லேயே தென்கிழக்கு ஆசியத் தொழிலை கிராப்பிடம் விற்றுவிட்டார்கள். இலங்கையில் பிக்மி, பாரிஸில் ஊபர், போல்ட் இரண்டும் உண்டு. எந்த ஆப் ஆனாலும் வீட்டிலேயே இறக்கி, ஓடிபி போட்டு, கார்டையும் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே ஆன் செய்ய வேண்டும். பேங்க் ஆப்பில் ரெண்டு நிமிஷ வேலை. அங்கே போய் நடு ராத்திரியில் கார்டு வேலை செய்யாமல் நிற்கும்போதுதான், பக்கத்தில் வந்து "கேஷ் போதும்" என்கிறவர் தெய்வம் மாதிரி தெரிவார்.

கார் வந்ததும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், டிரைவர் முகத்தையும் பாருங்கள். ஏர்போர்ட் வைஃபை வாசலைத் தாண்டினால் போய்விடும் என்பதால் முதலிலேயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுவது நல்லது. "நீங்கதானே?" என்று அவர் கேட்டால் உடனே பெயரைச் சொல்லாதீர்கள். "யாரைக் கூப்பிட வந்தீங்க?" என்று நீங்கள் கேளுங்கள், பெயர் அவர் வாயிலிருந்து வரட்டும். அமெரிக்காவில் 2019 மார்ச்சில் சவுத் கரோலினா பல்கலைக்கழக மாணவி ஒருவர், தான் புக் செய்த ஊபர் என்று நினைத்து வேறு காரில் ஏறிக் கொல்லப்பட்டார். 'என் பெயர் என்ன?' என்று டிரைவரிடம் கேட்கச் சொல்லும் பிரசாரம் அதன் பிறகுதான் அங்கே பரவியது. ஊபரில் பின் நம்பர் சொன்னால் மட்டும் ட்ரிப் தொடங்கும் வசதியும் உண்டு. செட்டிங்ஸில் ஆன் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு தூண்டில், "ஆப்ல கேன்சல் பண்ணுங்க, குறைச்சுத் தர்றேன்" என்பது. பேரம் பேசிப் பழகிய நமக்கு இது இனிக்கும். ஆனால் கேன்சல் செய்த நொடியே நீங்கள் எந்தக் காரில், எந்த ரோட்டில் போகிறீர்கள் என்ற பதிவு நின்றுவிடும். வீட்டுக்கு ஷேர் செய்த லொக்கேஷன் லிங்க்கும் செத்துவிடும். மிச்சமாகும் நூறு ரூபாய்க்கு இது பெரிய விலை.

வண்டி வழி மாறுகிறது, கதவு திறக்கவில்லை என்றால், தயங்காமல் போலீஸைக் கூப்பிடுங்கள். பிரான்ஸில் 112, சிங்கப்பூர், மலேசியா, துபாயில் 999, இலங்கையில் 119. தாய்லாந்தில் டூரிஸ்ட் போலீஸுக்கு 1155, ஆங்கிலத்திலேயே பேசலாம்.