கூடத்தில் ஒரு சமுத்திரம்

திருத்தணிக்கும் சமுத்திரத்துக்கும் சுமார் 80 கிலோ மீட்டர் தூரம். இங்கே மலை உண்டு. மலைமேல் முருகன் உண்டு. அடிவாரத்தில் சரவணப் பொய்கை உண்டு. உப்பு ஜலந்தான், சில வீட்டுக் கிணறுகளைத் தவிர, வேறெங்கும் கிடையாது. அப்படியிருக்க, நமது வீட்டுக் கூடத்தில் கடல் மீன்களை வளர்க்க நாம் முற்பட்டோம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கிறவர்களுக்கு இம்மாதிரித் துணிச்சல் சில சமயம் உண்டாவது சகஜந்தான்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறோம். மேலே 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி. மீன்கள் வாசம் செய்வது அதில். அதற்கு அடியில், மர அலமாரிக்குள் மறைவாக, மற்றொரு சிறு தொட்டி. மேல் தொட்டியின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு ஒன்று நிற்கிறது. ஜலம் அதன் விளிம்பைத் தாண்டி வழிந்து, குழாய் மூலம் கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. அங்கே பஞ்சினூடும் கற்களினூடும் சென்று அழுக்கு நீங்குகிறது. பிறகு ஒரு சிறிய மின்சாரப் பம்பு அதை மேலே திருப்பி அனுப்புகிறது.

ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஏரி நிரம்பினால் உபரி ஜலம் கலிங்கு வழியே வெளியேறுகிறது, கரை பிழைக்கிறது. நமது கண்ணாடித் தடுப்பும் ஒரு கலிங்குதான். காவேரிப்பாக்கத்து ஏரியைக் கட்டியவர்கள் இந்தத் தொட்டியைக் கண்டிருந்தால், மீன்களைப் பார்ப்பதற்கு முன் கலிங்கின் உயரத்தைத்தான் விசாரித்திருப்பார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஏரியைவிட்டுப் போன ஜலம் திரும்பி வருவதில்லை. தொட்டியிலோ அது திரும்பி வந்தாக வேண்டும். ஆபத்து அந்தத் திரும்பும் வழியில்தான் ஒளிந்திருந்தது.

ஒரு கோடை இரவில் மின்சாரம் நின்றது. விசிறி ஓய்ந்ததும் விழித்துக் கூடத்துக்கு வந்து காலை வைத்தால், தரையெல்லாம் ஈரம்! பம்பு நின்ற மாத்திரத்தில், ஜலத்தை மேலே கொண்டுபோன அதே குழாய் அதனைக் கீழே இழுக்கத் தொடங்கிவிட்டது. டின்னிலிருந்து மண்ணெண்ணெயை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி இறக்குவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். 'சைபன்' என்று வருஷந்தோறும் கரும்பலகையில் நாமே படம் போட்டுக் காட்டும் விஷயந்தான்.

அழகு கெடாதிருக்கட்டும் என்று திரும்பு குழாயின் வாயை ஜலமட்டத்துக்கு அரை அடி கீழே வைத்திருந்தோம். அந்த வாய் வெளியே தெரியும் வரையில் ஜலம் இறங்கிக்கொண்டே இருக்கும். மூன்றை ஒன்றரையாலும் பிறகு அரையாலும் பெருக்கினால் இரண்டேகால் கன அடி. கன அடிக்குச் சுமார் 28 லிட்டராக, 63 லிட்டர். கீழ்த்தொட்டியில் காலியாக இருந்த இடமோ 25 லிட்டருக்குத்தான் போதும். மீதி 38 லிட்டரும் கூடத்துக்கு வந்துவிட்டது. இந்தக் கணக்கை முன்னதாகவே போட்டிருக்க வேண்டியவர் வீட்டில் வேறு யாருமில்லை.

அதைவிடப் பெரிய பிழை பிறகு நேர்ந்தது. மின்சாரம் வந்ததும், குறைந்த அளவுக்கு அவசரம் அவசரமாக நல்ல தண்ணீரை ஊற்றினோம். தினந்தோறும் ஆவியாகிப் போவதை ஈடு செய்ய நல்ல தண்ணீர் ஊற்றுவதுதான் முறை. ஆவியாவது தண்ணீரேயன்றி உப்பு அல்ல. ஆனால் அன்று தரையில் சிந்தியது உப்போடு கூடிய ஜலம். இரு தொட்டிகளிலும் சேர்ந்து சுமார் 200 லிட்டர்; லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு 28 கிராமாகத் தாழ்ந்துவிட்டது. மீன்கள் இரண்டும் சமாளித்துக்கொண்டன. அவற்றின் உடலில் ஒட்டிய அழுக்கைக் கொத்தித் தின்னும் சிவப்புக் கோடு போட்ட சிறு இறால் ஒன்று இருந்தது. அது மறுநாள் மாலை மாண்டது. நம் குழந்தை இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. அது நியாயமே.

ஜலத்தை இவ்விதம் சுற்றவிடும் யோசனை 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவாயிற்று. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனிக் கட்டடம் திறந்தார்கள். ஆயினும் தேங்கிய ஜலம் கெட்டுப் பிராணிகள் மடிவது பெரிய தொல்லையாக இருந்தது. வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட் என்பவர் இதற்குப் பரிகாரம் கண்டார். காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய தொட்டியைத் தரைக்கடியில் இருட்டில் அமைத்து, இரண்டுக்குமிடையே ஜலத்தை ஓயாமல் சுற்றவிட்டார். இருட்டில் பாசி படராது, உஷ்ணமும் ஏறாது. 1871-ல் திறந்த கிரிஸ்டல் பாலஸ் காட்சிசாலையும், 1874-ல் திறந்த நேப்பிள்ஸ் காட்சிசாலையும் அவருடைய யோசனையைத் தழுவியவையே.

நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ல் ஒரு மீன் காட்சிசாலை திறந்தார்கள். அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் தோன்றியது அது. செத்த காலேஜையும் உயிர் காலேஜையும் பார்க்கப் பட்டணம் போன ஜனங்கள், கடற்கரையில் உயிருள்ள மீன்களையும் கண்டு திரும்பினார்கள். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அதை மூடினார்கள். வாசலிலேயே வங்காள விரிகுடாவை வைத்துக்கொண்ட அந்தக் கட்டடத்தின் பாக்கியம் நமக்கு ஏது? இருக்கிற 200 லிட்டரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியாக வேண்டும்.

ஆகையால் குழாயைத் திருத்தினோம். வாயை ஜலமட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே உயர்த்தினோம். மட்டத்தை ஒட்டினாற்போல் குழாயில் ஒரு சிறு துவாரமும் இட்டோம். ஜலம் சற்று இறங்கியதும் அதன் வழியே காற்றுப் புகுந்து சைபன் அறுந்துவிடும். துவாரத்தைப் பாசி அடைக்குமாதலால் மாதந்தோறும் ஊசியால் குத்திவிட வேண்டும். ஜலம் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு கடையில் கிடைக்கிறது. ஒரு நத்தைக் குஞ்சு அகப்பட்டுக்கொண்டால் அது மூடாது. அதை நாம் நம்பவில்லை. வழியும் குழாய் அடைத்துக்கொண்டால் என் செய்வது? சற்று உயரத்தில் இரண்டாவது வழிகுழாய் ஒன்றும் வைத்தோம். பித்தளை, செம்பு எதுவும் ஜலத்தில் படக்கூடாது. சிறிதளவு செம்பு கரைந்தாலும் இறாலுக்கு விஷம்.

பம்பின் பெட்டியில் அச்சிட்டுள்ள எண்ணை நம்ப வேண்டாம். மலையேறும் பக்தர் முதற் படியில் காட்டும் வேகம் 300-வது படியில் இருப்பதில்லை. உயர ஏறும் ஜலமும் அப்படியே. 10 லிட்டர் வாளியைத் திரும்பு குழாயின் கீழ்ப் பிடித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 36 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 1,000 லிட்டர்; அதாவது நமது ஜலம் முழுவதும் மணிக்கு ஐந்து முறை சுற்றுகிறது. இது போதும். இதற்கு மேல் பெரிய பம்பு வாங்குவது மின்சாரக் கட்டணத்துக்கே லாபம்.

தொட்டிக்குள் ஜலம் புரள்வது வேறு விஷயம். பவளப் பூச்சிக்குக் கால் கிடையாது. ஆகாரமும் பிராணவாயுவும் அதனிடம் வந்து சேர வேண்டும். கற்களின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் மீன்கள் கழிக்கும் அம்மோனியாவை மாற்றித் தொட்டியைக் காக்கின்றன. அவற்றுக்கும் பிராணவாயு அவசியம். நம் ஊர் வெப்பத்தில், 30 டிகிரி உஷ்ணமுள்ள கடல் ஜலத்தில், லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் பிராணவாயுதான் கரைந்து நிற்கும். ஆகவே மேற்பரப்பு எப்போதும் சலசலத்துக்கொண்டிருக்க வேண்டும். கற்களைச் சுவரோடு ஒட்டி அடுக்கினால் பின்னால் ஜலம் தேங்கி அழுக்குப் படியும். ஒரு கை புகும் இடம் விட்டு அடுக்குக. எதிரெதிரே இரண்டு சிறு கலக்கிகளை வைத்து மாறி மாறி ஓட்டினால் அலை போவதும் வருவதுமாக இருக்கிறது.

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறன்று, பட்டப் பகலில், நாமே பம்பை நிறுத்திப் பார்க்கிறோம். குழந்தை கீழ்த்தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஜலம் ஏறுவதைக் கவனிக்கிறாள். சென்ற மாதம் விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே அது நின்றது. அந்த இடத்தில் அவளே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டிருக்கிறாள். புது இறால் வாங்குவதற்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.